மூளைக்காய்ச்சலில் ஸ்டீராய்டை மறுக்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் மூளைக்காய்ச்சல் பற்றி வந்த கட்டுரையைப் படித்துக் கவலையோடு எழுதுகிறோம். “ஸ்டீராய்டு ஊசி எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிடும், அதனால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முதுகில் நீர் எடுக்கவும் அவசரப்பட்டுச் சம்மதிக்காதீர்கள்” என்று அதில் அறிவுரை இருந்தது. இதற்குச் சொன்ன காரணம், மூளைக்கென்று நோயெதிர்ப்பு அணுக்கள் கிடையாது, எனவே உடலின் எதிர்ப்பை எவ்வளவு கூட்டுகிறோமோ அவ்வளவுக்கு மூளைக்குப் பாதுகாப்பு என்பது. காரணமும் தவறு, அதிலிருந்து பிறந்த அறிவுரையோ உயிரோடு விளையாடுவது. நரம்பு மருத்துவமும் நோயெதிர்ப்பியலும் பார்க்கிற நாங்கள், மூளையின் காவல் உண்மையில் எப்படி நடக்கிறது என்பதையும், ஸ்டீராய்டு ஏன் அந்தக் காவலுக்கு உதவியாகிறது என்பதையும் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

மூளைக்கு நோயெதிர்ப்பு இல்லை என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடலாம். 1948-இல் பீட்டர் மெடவார் முயல்களின் மூளைக்குள் வேறு முயலின் தோல் துண்டை வைத்துப் பார்த்தார். உடலின் மற்ற இடங்களில் நிராகரிக்கப்படும் அந்தத் தோல், மூளைக்குள் பிழைத்திருந்தது. பாடப் புத்தகங்களில் நிலைத்தது இந்தப் பாதிதான். அதே முயலின் உடலில் வேறோர் இடத்தில் முன்பே அந்நியத் தோலை ஒட்டி எதிர்ப்பைப் பழக்கிவிட்டிருந்தால், மூளைக்குள் இருந்த துண்டும் அழிந்தது. அதாவது எதிரியைப் பற்றிய தகவல் மூளையிலிருந்து வெளியே போவது மெதுவாக நடக்கிறது. பழகிய அணுக்கள் வெளியிலிருந்து உள்ளே வருவதற்குத் தடையில்லை. தகவல் போகும் வழியும் பிறகு தெரிந்துவிட்டது. மூளையின் வெளி உறையான டியூராவில் நிணநீர் நாளங்கள் ஓடுவதையும், அவை கழுத்து நிணநீர்க் கணுக்களில் போய்ச் சேர்வதையும் 2015-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே காட்டின.

காவலில் பெரும்பகுதி நடப்பது மூளைக்குள் அல்ல, அதன் எல்லையில். டியூராவில் கிருமியை விழுங்கும் விழுங்கணுக்கள், ஆன்டிபாடி (கிருமியைப் பற்றும் புரதம்) தரும் பி செல்கள், தொற்றிய அணுவைக் கொல்லும் டி செல்கள் எல்லாம் சாதாரண நாட்களிலேயே குடியிருக்கின்றன. மண்டையோட்டு எலும்பின் மஜ்ஜையிலிருந்து டியூராவுக்கு நேரே திறக்கும் நுண்ணிய கால்வாய்கள் இருப்பது 2018-இல் தெரியவந்தது. எல்லையில் நிற்கும் அணுக்களில் கணிசமான பங்கு ரத்தத்தில் சுற்றி வராமல், அடுத்த வீட்டிலிருந்து வருவதுபோல் இந்த வழியாக இறங்கி வருகிறது. டியூராவின் பெரிய சிரைகளில் ரத்தம் மெதுவாக நகர்வதால் கிருமி ஒட்டிக்கொள்ள அங்கே வாய்ப்பு அதிகம். சரியாக அந்தச் சிரைகளின் ஓரத்தில், குடலில் பயிற்சி பெற்ற பிளாஸ்மா செல்கள் வரிசையாக நின்று ஐ.ஜி.ஏ. ஆன்டிபாடியைச் சுரப்பதை 2020-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

இந்த எல்லையைக் கிருமிகள் எப்படி ஏமாற்றுகின்றன என்பதும் ஓரளவு தெரிகிறது. எலிகளில் செய்து 2023-இல் வெளியான ஓர் ஆய்வில், நிமோகாக்கஸ் கிருமி தன் நச்சால் டியூராவின் வலி நரம்புகளைத் தூண்டியது. அந்த நரம்புகள் சி.ஜி.ஆர்.பி. என்ற வேதிப்பொருளை வெளியிட, அது பக்கத்திலிருந்த விழுங்கணுக்களின் கையைக் கட்டிப்போட்டது. மூளையின் உறைகள் கிருமியால் வீங்கும் மூளை உறை அழற்சியில் வரும் கடும் தலைவலி வெறும் அறிகுறி மட்டுமல்ல, கிருமி பயன்படுத்திக்கொள்ளும் வாசலாகவும் இருக்கலாம் என்பது எங்களுக்கே புதிய பாடம்.

எல்லையைத் தாண்டி மூளைத் திசுவுக்குள் போனால் அங்கே இருப்பவை மைக்ரோக்ளியா என்ற, மூளையின் சொந்த நோயெதிர்ப்பு அணுக்கள். 1919-இல் ஸ்பெயின் நாட்டு அறிஞர் பியோ டெல் ரியோ ஓர்தேகா இவற்றைத் தனி வகை அணுக்கள் என்று பிரித்துக் காட்டினார். மூளையின் அணுக்களில் ஏறக்குறைய 5 முதல் 10 சதவீதம் இவைதான். மற்ற ரத்த அணுக்களைப்போல் எலும்பு மஜ்ஜையிலிருந்து வருபவை அல்ல. கருவின் தொடக்க நாட்களில் கருவுணவுப் பையிலிருந்து புறப்பட்டு மூளைக்குள் வந்து, அங்கேயே பிரிந்து பெருகி வாழ்நாள் முழுக்கத் தங்கிவிடுகின்றன. உயிருள்ள எலிகளின் மூளையை 2005-இல் நுண்ணோக்கியில் தொடர்ந்து பார்த்தபோது, மைக்ரோக்ளியாவின் உடல் ஓரிடத்தில் நிற்க, அதன் கிளைகள் ஓயாமல் நீண்டும் சுருங்கியும் சுற்றுப்புறத்தைத் தடவிப் பார்ப்பது தெரிந்தது. சில மணி நேரத்துக்கு ஒருமுறை மூளை முழுவதும் இப்படித் தடவிப் பார்க்கப்பட்டுவிடுகிறது. ஒரு சிறு காயம் ஏற்பட்டால் சில நிமிடங்களில் கிளைகள் அதைச் சுற்றி வேலி கட்டுகின்றன. மருந்து கொடுத்து மைக்ரோக்ளியாவை அகற்றிய எலிகள் வெஸ்ட் நைல் வைரஸுக்கும் ஜப்பானிய மூளையழற்சி வைரஸுக்கும் எளிதில் பலியாகின்றன. மூளைக்கு நோயெதிர்ப்பு அணு கிடையாது என்று எழுதியவர் இந்த ஒரு செய்தியையாவது பார்த்திருக்கலாம்.

இங்கே ஒரு சொல் குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். மூளைக்காய்ச்சல் என்று நாம் ஒரே சொல்லால் சொல்வது இரண்டு வேறு நிலைகள். கிருமி உறைகளிலும் அவற்றுக்கிடையே ஓடும் நீரிலும் பெருகினால் மூளை உறை அழற்சி. மூளைத் திசுவையே தாக்கினால் மூளையழற்சி. முன்னதில் பாக்டீரியாவும், பின்னதில் வைரஸும் பெரிய ஆபத்து. இரண்டிலும் எதிர்ப்பு அணுக்கள் நடந்துகொள்ளும் விதம் வேறு.

வைரஸ் மூளையழற்சியில் எதிரி ஒளிந்திருப்பது நரம்பணுவுக்குள். தோலிலோ கல்லீரலிலோ என்றால் தொற்றிய அணுவை டி செல் கொன்றுவிடும், புது அணு முளைத்துவிடும். நரம்பணு இறந்தால் ஈடு கிடையாது. அதனால் இங்கே பல வைரஸ்களுக்கு எதிராக வேறு முறை கையாளப்படுகிறது: டி செல்கள் சுரக்கும் காமா இன்டர்ஃபெரான் என்ற புரதமும் பி செல்கள் தரும் ஆன்டிபாடியும் நரம்பணுவைக் கொல்லாமலே வைரஸின் பெருக்கத்தை அடக்குகின்றன. சிண்ட்பிஸ் வைரஸ் தொற்றிய எலிகளுக்கு ஆன்டிபாடியை மட்டும் செலுத்தியே நரம்பணுக்களிலிருந்து வைரஸை நீக்க முடியும் என்று 1991-இலேயே காட்டியிருக்கிறார்கள். நரம்பணுவின் சொந்தத் தற்காப்பும் முக்கியம். அணுவுக்குள் வைரஸை உணரும் டி.எல்.ஆர்.3 என்ற ஒரே உணர்வியில் பிறவிக் குறை உள்ள குழந்தைகள் மற்றத் தொற்றுகளைச் சாதாரணமாகத் தாங்கிக்கொண்டு, ஹெர்பிஸ் வைரஸ் தரும் மூளையழற்சிக்கு மட்டும் ஆளாவது 2007-இல் தெரியவந்தது.

டி செல்கள் உள்ளே வராவிட்டால் என்ன ஆகும்? இதற்கு மருத்துவ வரலாற்றிலேயே ஒரு கசப்பான விடை இருக்கிறது. எதிர்ப்பு அணுக்களே நரம்பிழைகளின் உறையைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய்க்கான நட்டாலிசுமாப் என்ற மருந்து, ரத்த வெள்ளணுக்கள் மூளை ரத்தக்குழாயின் சுவரைப் பற்றி உள்ளே ஏறும் பிடியையே தடுக்கிறது. 2004-இல் அனுமதி பெற்ற அந்த மருந்து 2005-இல் நிறுத்தப்பட்டது. பெரியவர்களில் பெரும்பாலோரின் உடலில் சும்மா கிடக்கும் ஜே.சி. வைரஸ், சில நோயாளிகளின் மூளையில் கட்டவிழ்ந்து வெண்பொருளைத் தின்றதே காரணம். கட்டுப்பாடுகளுடன் 2006-இல் மருந்து திரும்பியது. எங்கள் வாதத்துக்கு இதைவிட முக்கியமானது அடுத்த பகுதி. நோய் தெரிந்து மருந்தை நிறுத்தினால், தடுத்து வைக்கப்பட்டிருந்த டி செல்கள் ஒரே மூச்சில் மூளைக்குள் பாய்கின்றன. அந்தப் பாய்ச்சலின் வீக்கமே சிலரைக் கொன்றிருக்கிறது. எச்.ஐ.வி.யோடு கிரிப்டோகாக்கஸ் பூஞ்சை மூளை உறை அழற்சியும் உள்ளவர்களுக்கு எச்.ஐ.வி. மருந்தை உடனே தொடங்காமல் 4 முதல் 6 வாரம் தள்ளித் தொடங்குவது, மீண்டு வரும் எதிர்ப்பு அணுக்கள் இப்படிப் பாயக்கூடும் என்ற இதே காரணத்தால்தான்.

அணுக்கள் வராவிட்டாலும் மரணம், அளவுக்கு மீறி வந்தாலும் மரணம். மண்டையோடு விரிந்து கொடுக்காது என்பதை மறந்தால் இது புரியாது. காலில் வீங்கினால் வலிக்கும். மூளை வீங்கினால் மூச்சை நடத்தும் தண்டுப்பகுதி நசுங்கும். “எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுங்கள்” என்ற பேச்சு மூளை விஷயத்தில் பொருந்தாமல் போவது இந்த இடத்தில்.

இனி பாக்டீரியா. உறைகளுக்கிடையே ஓடும் மூளை தண்டுவட நீரில் ஆன்டிபாடியின் அளவு ரத்தத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்நூறில் ஒரு பங்குதான். கிருமியின் மேல் ஒட்டி அதை விழுங்கத் தோதாக்கும் காம்ப்ளிமென்ட் புரதங்களும் மிகக் குறைவு. நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ் என்ற இரண்டு பாக்டீரியாக்களுக்கும் வழவழப்பான சர்க்கரை உறை உண்டு. இந்தப் புரதங்கள் ஒட்டாமல் அதை நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு விழுங்க முடியாது. எனவே அந்த நீருக்குள் ஒருமுறை நுழைந்துவிட்ட கிருமி தடையின்றிப் பெருகுகிறது. நியூட்ரோஃபில்கள் வருகின்றன, ஆயிரக்கணக்கில் வருகின்றன, ஆனால் பிடி கிடைக்காமல் தங்கள் நொதிகளையும் ஆக்சிஜன் நச்சுகளையும் கொட்டுகின்றன. அவை ரத்தக்குழாய்ச் சுவரைப் பிளக்கின்றன, புரதமும் நீரும் உள்ளே கசிகின்றன, அழுத்தம் ஏறுகிறது, உட்செவிக்குள் அழற்சி பரவிக் கேட்கும் திறன் போகிறது.

மருந்து முறைகள் பலவும் இதிலிருந்தே வருகின்றன. கிருமியின் வளர்ச்சியை மட்டும் நிறுத்திவிட்டு மிச்சத்தை நோயெதிர்ப்பு பார்த்துக்கொள்ளும் என்று விடும் வகை ஆன்டிபயாட்டிக் இங்கே போதாது. நேரே கொல்லும் மருந்து வேண்டும். 1951-இல் நிமோகாக்கஸ் மூளை உறை அழற்சிக்குப் பென்சிலினோடு டெட்ராசைக்ளின் வகை மருந்தையும் சேர்த்துக் கொடுத்தபோது, பென்சிலின் மட்டும் கொடுத்ததைவிட இறப்பு கூடியது. மருந்தின் அளவும் வேறு: செஃப்ட்ரியாக்ஸோன் என்ற ஆன்டிபயாட்டிக் பெரியவர்களுக்கு 12 மணி நேரத்துக்கு ஒருமுறை 2 கிராம். மூன்றாம் நாள் நோயாளி எழுந்து பேசுகிறார் என்று அளவைக் குறைக்கும் தவறு நடக்கிறது. அழற்சி தணியத் தணிய, ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலான தடுப்புச் சுவர் மூடிக்கொள்ளும். அப்போது அதே அளவு மருந்தில் உள்ளே போய்ச் சேருவது முன்பைவிடக் குறைவு. கடைசி ஊசி வரை முழு அளவு கொடுக்க வேண்டும்.

ஆன்டிபயாட்டிக் கிருமியை உடைக்கும்போது அதன் உறைத் துண்டுகள் சிதறி, மேலும் நியூட்ரோஃபில்களை அழைக்கின்றன. அதாவது சரியான மருந்தே முதல் சில மணி நேரத்தில் அழற்சியை ஏற்றிவிடும். இந்த அலையை முன்கூட்டியே அடக்கத்தான் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. அதனால் ஆன்டிபயாட்டிக்கின் முதல் ஊசிக்கு 15, 20 நிமிடம் முன்போ அதனுடனேயோ கொடுக்கிறோம். அலை எழுந்து பல மணி நேரம் கழித்துக் கொடுத்தால் பலன் குறைவு. பெரியவர்களுக்கு 10 மி.கி. வீதம் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை, 4 நாள். 2002-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் 301 பேரில் இது சோதிக்கப்பட்டது. இறப்பு 15 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாகக் குறைந்தது. நிமோகாக்கஸ் நோயாளிகளை மட்டும் எடுத்துக்கொண்டால் 34 சதவீதத்திலிருந்து 14 ஆனது. எதிர்ப்பைக் குறைக்கும் ஊசி என்று கட்டுரை பயமுறுத்திய மருந்து இதுதான்.

எல்லா மூளைக்காய்ச்சலுக்கும் ஸ்டீராய்டு என்றும் நாங்கள் சொல்லவில்லை. காசநோய் மூளை உறை அழற்சியில் 6 முதல் 8 வாரம் படிப்படியாகக் குறைத்துக் கொடுத்தபோது இறப்பு குறைந்தது, 2004-இல் வியட்நாமில் 545 பேரிடம் நடந்த ஆய்வு அதைக் காட்டியது; எச்.ஐ.வி.யும் உள்ளவர்களிடம் அந்தப் பலன் உறுதிப்படவில்லை. எச்.ஐ.வி. நோயாளிகளின் கிரிப்டோகாக்கஸ் தொற்றில் டெக்ஸாமெத்தசோன் தீமையே செய்தது. காசநோய் அல்லாத பாக்டீரியா மூளை உறை அழற்சியில், நிமோகாக்கஸோ ஹீமோஃபிலஸ் என்ற பாக்டீரியாவோ காரணமல்ல என்று பரிசோதனையில் தெரிந்தால் நிறுத்திவிடுவதே வழக்கம். எந்தக் கிருமி என்று தெரியாமல் இந்த முடிவு எதையும் எடுக்க முடியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் முதுகில் நீர் எடுப்பது.

அந்தப் பரிசோதனை குறித்த அச்சம் எங்களுக்குப் புரிகிறது. தண்டுவடம் பெரியவர்களுக்கு இடுப்பின் முதல் அல்லது இரண்டாம் முள்ளெலும்பு மட்டத்தில் முடிந்துவிடுகிறது. ஊசி போவது அதற்குக் கீழே, மூன்றுக்கும் நான்குக்கும் அல்லது நான்குக்கும் ஐந்துக்கும் இடையில். அங்கே நீரில் மிதக்கும் நரம்பு இழைகள் மட்டுமே உள்ளன. மொத்த நீர் சுமார் 150 மி.லி.; ஒரு நாளில் புதிதாகச் சுரப்பது சுமார் 500 மி.லி. நாங்கள் எடுக்கும் 10 முதல் 15 மி.லி. ஒரு மணி நேரத்துக்குள் ஊறிவிடும். பிறகு சிலருக்குத் தலைவலி வரும். நுனி மழுங்கிய வகை ஊசியைப் பயன்படுத்தினால் அதுவும் குறைகிறது. ஊசிக்கு முன்பு மூளை ஸ்கேன் எடுக்க வேண்டியவர்கள் சிலர் உண்டு: நினைவு மங்கியவர், புதிதாக வலிப்பு வந்தவர், ஒரு பக்கம் செயலிழந்தவர், எதிர்ப்பு அணுக்கள் குறைந்தவர். இவர்களுக்கும் ஸ்கேனுக்காக ஆன்டிபயாட்டிக் காத்திருக்கக் கூடாது. ரத்த மாதிரியை எடுத்துக்கொண்டு, வந்த ஒரு மணி நேரத்துக்குள் மருந்தைத் தொடங்கிவிட வேண்டும். மருந்து போன 2 மணி நேரத்தில் மெனிங்கோகாக்கஸும், 4 மணி நேரம் போல நிமோகாக்கஸும் வளர்ப்புச் சோதனையில் காணாமல் போய்விடலாம். அணுக்களின் எண்ணிக்கையும் புரதமும் அதன் பிறகும் நோயைக் காட்டிக்கொடுக்கும்.

அந்த நீர் எதிர்ப்பு அணுக்களின் நாட்குறிப்பு போன்றது. இயல்பில் ஒரு மைக்ரோலிட்டரில் 5 வெள்ளணுவுக்கு மேல் இராது, சர்க்கரை ரத்தத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு. ஆயிரத்துக்கு மேல் நியூட்ரோஃபில்களும், சர்க்கரை ரத்தத்தின் 40 சதவீதத்துக்குக் கீழும் என்றால் பாக்டீரியா. சில பத்துகளிலிருந்து சில நூறு வரை லிம்ஃபோசைட்டுகள் (டி, பி செல்கள் அடங்கிய வெள்ளணு வகை), சர்க்கரை இயல்பு என்றால் வைரஸ். லிம்ஃபோசைட்டுகளோடு சர்க்கரை குறைந்து புரதம் ஏறியிருந்தால் காசநோயை நினைக்க வேண்டும்.

தவறு நேர்வது ஓரங்களில்தான். மாதிரி மேசையில் 2 மணி நேரம் கிடந்தால் நியூட்ரோஃபில்களில் ஏறக்குறைய பாதி சிதைந்துவிடும். இயல்பு என்று பொய் முடிவு வரும். அதே வேளையில் ரத்தச் சர்க்கரையையும் பார்க்கவில்லை என்றால் நீரின் சர்க்கரை அளவுக்குப் பொருளே இல்லை, முக்கியமாக நீரிழிவு உள்ளவரிடம். காசநோயின் முதல் நாட்களில் நியூட்ரோஃபில்கள் மிகுந்து பாக்டீரியாபோல் ஏமாற்றும். காசநோய்க் கிருமியைத் தேட 6 மி.லி.யாவது நீர் வேண்டும், சில துளிகள் போதா. புற்றுநோய் மருந்தால் வெள்ளணு வற்றியவருக்கு நீரில் அணு இல்லாதது நோய் இல்லை என்பதற்குச் சான்றாகாது. கிருமி நிறைந்து அணுக்கள் மிகக் குறைவாக இருப்பது மிகக் கெட்ட அறிகுறி. ஹெர்பிஸ் வைரஸின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனை முதல் 3 நாளில் பொய்யாக எதிர்மறை காட்டக்கூடும். சந்தேகம் வலுவாக இருந்தால் ஹெர்பிஸுக்கான அசைக்ளோவிர் மருந்தை நிறுத்தாமல் சில நாளில் மறுபடி சோதிக்கிறோம். அந்த மருந்து கிலோவுக்கு 10 மி.கி., 8 மணி நேரத்துக்கு ஒருமுறை, 14 முதல் 21 நாள். குணமாகி வீடு திரும்பியபின் முதல் மூன்று மாதத்துக்குள் குழப்பமோ விநோத அசைவுகளோ வந்தால் வைரஸ் திரும்பியது என்று மட்டும் எண்ண வேண்டாம். சுமார் கால் பங்கினருக்கு எதிர்ப்பு அணுக்கள் மூளையின் சொந்தப் புரதங்களைத் தாக்கும் ஆன்டிபாடிகளைத் தயாரித்துவிடுகின்றன. அதற்குச் சிகிச்சை வேறு.

அப்படியானால் முன்கூட்டியே எதுவும் செய்ய முடியாதா? முடியும். நீரில் ஆன்டிபாடி இல்லாத குறையை, கிருமி ரத்தத்தில் இருக்கும்போதே அதைப் பிடிப்பதன் மூலம் ஈடுசெய்யலாம். ஹீமோஃபிலஸ், நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ் தடுப்பூசிகள் செய்வது அதுதான். வெறும் சர்க்கரை உறைக்கு எதிராக 2 வயதுக்குட்பட்ட குழந்தையின் பி செல்கள் சரியாக வேலை செய்யாது. அதனால்தான் அந்தச் சர்க்கரையை ஒரு புரதத்தோடு பிணைத்து, டி செல்களையும் துணைக்கு அழைக்கும் வகையில் ஊசி தயாரிக்கிறார்கள். மூளை உறை அழற்சியைத் தடுப்பதாக நிரூபிக்கப்பட்ட சத்து மாத்திரையோ பொடியோ எதுவும் இல்லை. மண்ணீரல் அகற்றப்பட்டவர்கள், எக்குலிசுமாப் போன்ற காம்ப்ளிமென்ட் தடுப்பு மருந்து எடுப்பவர்கள், தலையில் அடிபட்டபின் மூக்கில் தெளிந்த நீர் சொட்டுபவர்கள், செவிக்குள் கேட்க உதவும் காக்ளியர் கருவி பொருத்தியவர்கள் தங்கள் மருத்துவரிடம் இந்த ஊசிகள் பற்றிக் கேட்க வேண்டும். மண்ணீரல் அறுவையோ அந்த மருந்தோ திட்டமிட்டது என்றால் 2 வாரம் முன்பே ஊசி போட்டிருக்க வேண்டும். ஊசி போட்டிருந்தாலும் இவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் மருத்துவமனைக்கு அன்றே போக வேண்டும்.

காய்ச்சல், தலைவலி, கழுத்து விறைப்பு, நினைவு மாற்றம் ஆகிய நான்கும் ஒன்றாக வரும் என்று காத்திருப்பது ஆபத்து. பாக்டீரியா மூளை உறை அழற்சி வந்த பெரியவர்களில் 95 சதவீதம் பேரிடம் இந்த நான்கில் குறைந்தது இரண்டு இருக்கும். கைக்குழந்தைக்குக் கழுத்து விறைக்காமலே போகலாம். உச்சிக்குழி புடைப்பதும், பால் குடிக்க மறுப்பதும், தூக்கினால் வீறிட்டு அழுவதும் போதுமான எச்சரிக்கை. கண்ணாடித் தம்ளரை வைத்து அழுத்தியும் மறையாத செந்நிறப் புள்ளிகள் தோலில் தெரிந்தால் நிமிடங்கள்கூட முக்கியம். பிழைத்து வீடு திரும்பும் ஒவ்வொருவருக்கும் 4 வாரத்துக்குள் செவித்திறன் சோதனை செய்துவிட வேண்டும். அழற்சிக்குப் பிறகு உட்செவி எலும்பாக இறுகிவிடலாம். இறுகியபின் காக்ளியர் கருவி பொருத்துவது கடினம்.

ஸ்டீராய்டுக்கும் முதுகு நீர்ப் பரிசோதனைக்கும் சம்மதம் கேட்கும்போது குடும்பத்தார் முடிவெடுக்கக் கிடைப்பது சில நிமிடங்கள். அப்போது அவர்கள் நினைவில் இருப்பது எப்போதோ செய்தித்தாளில் படித்த வரிகளாக இருக்கலாம். எனவே அந்த இரண்டு அறிவுரைகளும் தவறு என்ற திருத்தத்தை, கட்டுரை வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நரம்பியல், நோயெதிர்ப்பியல் மருத்துவர்கள் சிலர்